கிராஸ்லிங்கிங் முடிந்து ஆறு வாரம்: கே-மேக்ஸ் ஏறியிருக்கிறது, தடிமன் இறங்கியிருக்கிறது. சிகிச்சை பலிக்கவில்லையா?

ஜார்ஜ்டவுன் கண்ணாடிக்கடை எழுதியது:

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட் வேலை. கெரட்டோகோனஸ் (கருவிழியின் முன்படலமான கார்னியா மெலிந்து கூம்பும் நோய்) கண்களுக்குக் கண்ணாடியும் லென்சும் கொடுத்துப் பழக்கம் உண்டு. ஆனால் கிராஸ்லிங்கிங் (ரிபோஃப்ளேவின் சொட்டும் யூவிஏ ஒளியும் வைத்துக் கார்னியாவை விறைப்பாக்கும் சிகிச்சை) முடிந்த புதிதில் ஒரு கண் கடைக்கு வருவது குறைவு. அதனால்தான் இந்தக் கேள்வி.

பையனுக்கு வயது 21. பாயான் லெப்பாசில் சிப் பாக்டரி, மைக்ராஸ்கோப் பார்க்கும் வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. வலது கண்ணுக்கு கிராஸ்லிங்கிங் செய்து ஆறு வாரம் ஆகிறது. எபிதீலியத்தை (கார்னியாவின் மேல்தோலை) நீக்கிச் செய்த முறை. ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 9 மில்லிவாட், 10 நிமிடம்.

சிகிச்சைக்கு முன்: கே-மேக்ஸ் (கார்னியாவில் மிகக் கூர்மையான இடத்தின் வளைவு) 54.1 டயாப்டர், மிக மெல்லிய இடத்தில் 448 மைக்ரான், கண்ணாடியோடு பார்வை 6/12.
இப்போது: கே-மேக்ஸ் 55.4, மெல்லிய இடம் 417, அதே கண்ணாடியோடு 6/18. பின்ஹோல் (ஊசித்துளைத் தகடு) வைத்தால் 6/9 வரை வருகிறது.
இடது கண்: கே-மேக்ஸ் 47.2, தடிமன் 489, கண்ணாடியோடு 6/6. அதற்கு இன்னும் எதுவும் செய்யவில்லை.

ஸ்லிட் லேம்பில் (ஒளிக்கீற்று விட்டுக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) பார்த்தால் கார்னியாவின் நடுவில் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி ஒரு வெளுப்பு. கண் சிவக்கவில்லை, வலியும் இல்லை. இரவில் பாலத்தைத் தாண்டி மோட்டார் ஓட்டும்போது எதிர்வண்டி விளக்கு சிதறுகிறது என்கிறான். ஸ்கேன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சிகிச்சை வீணாப்போச்சா அண்ணே?" என்று கேட்கிறான்.

எனக்குத் தெரிய வேண்டியவை: இந்த எண்களை எப்படிப் படிப்பது? வெளுப்பு போய்விடுமா? இப்போதே புதுக் கண்ணாடியோ ஆர்ஜிபி (கெட்டி) லென்சோ கொடுக்கலாமா?

---

கருவிழி கேஎல் எழுதியது:

எல்லா எண்ணும் ஆறாவது வாரத்தில் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. இந்த ஸ்கேனை வைத்துப் பலித்தது என்றும் சொல்லக்கூடாது, பலிக்கவில்லை என்றும் சொல்லக்கூடாது. என்னைக் கேட்டால் ஆறாவது வாரத்தில் காரணமில்லாமல் ஸ்கேன் எடுப்பதையே தவிர்ப்பேன். எடுத்தால் தாள் நோயாளி கைக்குப் போகும், வீட்டில் எல்லாரும் கூம்பைக் காட்டும் சிவப்பு வட்டத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள்.

கே-மேக்ஸ் ஏன் ஏறுகிறது என்பதைச் சொல்கிறேன். கெரட்டோகோனஸ் கண்ணில் எபிதீலியம் ஒரே சீராக இருப்பதில்லை. கூம்பின் உச்சியில் மெலிந்திருக்கும், சுற்றிலும் வளையம்போலத் தடித்திருக்கும். மேடுபள்ளமான சுவருக்குச் சாந்து பூசினால் மேடு தெரியாமல் போகிறதல்லவா, அதுதான் இங்கேயும். உள்ளே ஸ்ட்ரோமா (கார்னியாவின் தடித்த நடு அடுக்கு) எவ்வளவு கூர்மையோ அதில் ஒரு பங்கை எபிதீலியம் மறைத்து வைத்திருக்கிறது. சிகிச்சையன்று 8, 9 மில்லிமீட்டர் அகலத்துக்கு அதைச் சுரண்டி எடுத்துவிடுகிறோம். புண் 3 முதல் 5 நாளில் மூடிவிடும். ஆனால் மூடிய எபிதீலியம் பழைய தடிமனுக்கும் பழைய அமைப்புக்கும் வரச் சில மாதம் பிடிக்கும். அதுவரை உள்ளே இருக்கும் கூர்மை வெளியே தெரிகிறது. ஒரு டயாப்டர் சுமார் ஏறுவது இதிலேயே அடங்கிவிடும். முதல் மாதத்தில் ஏறி, 3வது மாத வாக்கில் பழைய எண்ணுக்குத் திரும்பி, 6 முதல் 12 மாதத்துக்குள் அதற்கும் கீழே இறங்குவதுதான் வழக்கமான போக்கு. ஓராண்டு முடிவில் 1, 2 டயாப்டர் தட்டையானால் நல்லது. அப்படியே நின்றுவிட்டாலும் அதுவும் வெற்றிதான். நோயை நிறுத்துவதற்குத்தான் இந்தச் சிகிச்சை. பார்வையைக் கூர்மையாக்குவதற்கு இல்லை. இதைச் சிகிச்சைக்கு முன்பே புரியும்படி சொல்லியிருந்தால் அந்தப் பையன் தாளைப் பையில் வைத்துக்கொண்டு அலைய மாட்டான்.

தடிமன் விஷயம். ரிபோஃப்ளேவினும் யூவிஏ ஒளியும் சேரும்போது கொலாஜன் இழைகளும் அவற்றுக்கு இடையே இருக்கும் புரதங்களும் பிணைந்து நெருங்குகின்றன. கூடவே ஸ்ட்ரோமாவில் வாழும் கெரட்டோசைட் செல்கள் மடிகின்றன. 2003இல் டிரெஸ்டனில் வோலென்சாக், ஸ்பர்ல், சைலர் மூவரும் வெளியிட்ட மூல முறையில் (3 மில்லிவாட், 30 நிமிடம்) இது சுமார் 300 மைக்ரான் ஆழம் வரை நடக்கும். விளிம்பிலிருந்தும் அடியிலிருந்தும் புதிய செல்கள் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்ப ஏறத்தாழ 6 மாதம். அந்த இடைவெளியில் கார்னியா மெலிந்து காட்டும். மிகவும் மெலிவது முதல் 3 மாதத்தில். ஓராண்டில் பழைய அளவை ஒட்டி வந்துவிடும்.

உங்கள் பையனுக்குச் செய்தது துரித முறை. 9 மில்லிவாட்டை 600 வினாடியால் பெருக்கினால் 5.4 ஜூல், மூல முறையிலும் மொத்தம் அதே 5.4 ஜூல்தான். ஆனால் ஆற்றல் சமமாக இருந்தாலும் விளைவு அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. இந்த வினைக்கு ஆக்சிஜன் தேவை. ஒளியின் செறிவைக் கூட்டினால் திசுவுக்குள் ஆக்சிஜன் செலவாகும் வேகத்துக்கு வெளியிலிருந்து வந்து சேர்வதில்லை. அதனால் துரித முறையில் பாதிப்பின் ஆழம் பொதுவாகக் குறைவு. வெளுப்பும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

அந்த வெளுப்புக்கு வருகிறேன். நம் ஊரில் ஹேஸ் என்றாலே ஜெரெபுதான் (புகைமூட்டம்) நினைவுக்கு வரும், அதனால் நோயாளியிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் "வெளியே போகவே இல்லையே டாக்டர்" என்பார்கள். இது கார்னியாவின் முன்பாதியில் பரவலாகப் படியும் மங்கல். முதல் மாதத்தில் உச்சம், 3வது மாதம் வரை அப்படியே, பிறகு மெல்லக் கரைந்து 12 மாதத்துக்குள் பெரும்பாலும் தெரியாத அளவுக்குப் போய்விடும். கண்ணாடி பவரைக் குறைக்கும் லேசர் பிஆர்கே செய்த கண்ணில் எபிதீலியத்துக்கு நேர் கீழே வலைபோல வரும் வெளுப்போடு இதைக் குழப்ப வேண்டாம். இது அதைவிட ஆழம், தூசி தூவினதுபோல ஒரே சீர்.

ஸ்லிட் லேம்பில் ஒளிக்கீற்றை மிக மெல்லியதாக்கி, 45 டிகிரி சாய்த்து, விளக்கை முழுப் பிரகாசத்தில் வைத்துப் பாருங்கள். கீற்றின் முன்பக்கம் சற்று வெளுத்தும் பின்பக்கம் தெளிவாகவும் இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் முடி இழைபோல ஒரு கோடு. இரண்டாவது வாரத்திலிருந்தே தெரியலாம், ஆறாவது வாரத்தில் தெரிய நல்ல வாய்ப்பு. சிகிச்சை எட்டிய எல்லையை அது காட்டுகிறது. ஆனால் கோடு ஆழமாக இருந்தால் சிகிச்சை பலமாக வேலை செய்தது, மேலாக இருந்தால் வீண் என்று கணக்குப் போட வேண்டாம். அது அவ்வளவு நேரான கணக்கு இல்லை.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள் வேறு. முன்பு போன வலி திரும்ப வருவது, கண் சிவப்பது, பரவலான மங்கலுக்கு நடுவே தனியாக ஒரு வெள்ளைப் புள்ளி, ஒன்றிரண்டு நாளில் பார்வை சட்டென இறங்குவது, ஃப்ளூரசீன் சாயம் வைத்தால் பச்சையாக ஒளிரும் இடம். கிளைகிளையாக ஒளிர்ந்தால் ஹெர்ப்பீஸ். யூவி ஒளியும் ஸ்டீராய்டும் சேர்ந்து உறங்கிக் கிடந்த வைரசை எழுப்பிவிடலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. கடையில் நிறுத்தி வைக்க வேண்டாம்.

---

ஸ்கேன் அறை எழுதியது:

டாக்டர் சொன்னது சரி. ஆனால் 417 என்ற எண்ணையே நான் நம்ப மாட்டேன் தம்பி. எந்தக் கருவியில் எடுத்தது என்று நீங்கள் எழுதவில்லை. கே-மேக்ஸ், மெல்லிய இடம் எல்லாம் இருப்பதால் சுழலும் ஷைம்ஃப்ளக் கேமரா என்று வைத்துக்கொள்கிறேன். அந்தக் கேமரா நீல ஒளிக்கீற்றை அனுப்பி, சிதறி வரும் ஒளியில் கார்னியாவின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் தேடுகிறது. நடுவில் வெளுப்பு இருந்தால் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும், மென்பொருள் பின்விளிம்பைத் தவறான இடத்தில் பிடித்துவிடும். அதனால் கிராஸ்லிங்கிங் முடிந்த முதல் மாதங்களில் அந்தக் கருவி தடிமனைக் குறைத்துக் காட்டும். பின்பரப்பின் மேட்டைக் காட்டும் எலிவேஷன் படமும் அதே காரணத்தால் மோசமாகத் தெரியும். முன்பகுதி ஓசிடியிலோ (ஒளியால் குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் கருவி) அல்ட்ராசவுண்ட் பாக்கிமீட்டரிலோ (தடிமன் அளக்கும் கருவி) ஒரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் ஓசிடியை நம்புங்கள். அதற்காக இந்த மாதம் ஓசிடி, அடுத்த முறை ஷைம்ஃப்ளக் என்று மாற்றி மாற்றி எடுத்துக் கழித்துப் பார்க்கவும் கூடாது. ஒரே கருவி, அதற்குள்ளேயே ஒப்பீடு.

கே-மேக்ஸும் அப்படித்தான். முன்பரப்பில் எங்கே மிகக் கூர்மையோ அந்த ஒற்றைப் புள்ளியின் எண் அது. சாதாரணக் கண்ணில் மூன்று முறை எடுத்தால் மூன்றும் ஒட்டி வரும். 55 டயாப்டர் கண்ணில் அடுத்தடுத்து எடுத்தாலே அரை டயாப்டருக்கு மேல் ஆடுவதைப் பார்க்கலாம். கூம்பு கூராகக் கூராக ஆட்டமும் கூடும். அதனால் ஒரு ஸ்கேனை மட்டும் வைத்து 1.3 ஏறிவிட்டது என்று சொல்ல எனக்குக் கை வராது. மூன்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும், கூர்மையான புள்ளி அதே இடத்தில் இருக்கிறதா நகர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

எடுக்கும்போது வழக்கமாக எங்கே கெடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். கண் உலர்ந்திருந்தால் கண்ணீர்ப் படலம் உடைந்த இடம் கூர்மையாகப் பதிவாகும். கிராஸ்லிங்கிங் முடிந்த கண்ணில் நரம்புகள் அடிபட்டிருப்பதால் இமைப்பது குறைந்து உலர்வு கூடுதல். இரண்டு முறை நன்றாக இமைக்கச் சொல்லி, மூன்றாவது இமைப்பு முடிந்த உடனே பொத்தானை அழுத்துங்கள். கெட்டியான ஜெல் சொட்டு விட்டிருந்தால் அரை மணி நேரமாவது விட்டு எடுங்கள். மேல் இமை தொங்கினால் பஞ்சால் பிடித்துத் தூக்கலாம், ஆனால் விரல் கண்ணை அழுத்தக்கூடாது. அழுத்தினால் படம் வளையும். கருவி தரம் சரி என்று காட்டாத ஸ்கேனை அழித்துவிடுங்கள். வைத்திருந்தால் பிறகு யாராவது அதைத்தான் எடுத்து ஒப்பிடுவார்கள்.

லென்ஸ் போடுகிற கண் என்றால் மென்லென்சை ஒரு வாரமாவது, ஆர்ஜிபியை இரண்டு முதல் நான்கு வாரமாவது கழற்றி வைத்த பிறகே ஸ்கேன். சிகிச்சைக்கு முன் எடுத்த அந்த 54.1 லென்ஸ் கழற்றி எத்தனை நாள் கழித்து எடுத்தது? முந்தின நாள் வரை ஆர்ஜிபி போட்டிருந்தால் லென்ஸ் அழுத்தித் தட்டையாக்கின கார்னியாவைத்தான் அளந்திருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் 1.3 டயாப்டர் ஏற்றத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விடலாம்.

---

ஜார்ஜ்டவுன் கண்ணாடிக்கடை எழுதியது:

டாக்டர், அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பையனைக் கூப்பிட்டு மறுபடி பார்த்தேன்.

ஷைம்ஃப்ளக்தான். சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேனுக்கு ஐந்து நாள் முன்புதான் ஆர்ஜிபியைக் கழற்றியிருக்கிறான். தெரிந்த இடத்தில் முன்பகுதி ஓசிடி எடுக்க வைத்தேன்: 436. ஃப்ளூரசீனில் எதுவும் ஒளிரவில்லை. நீங்கள் சொன்ன கோடும் தெரிந்தது டாக்டர், கார்னியாவின் பாதிக்குக் கொஞ்சம் மேலாக.

இன்னொன்று. அவன் இன்னும் ஃப்ளூரோமெத்தலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டு நாளுக்கு நான்கு முறை போடுகிறான். முதலில் கொடுத்த பாட்டில் தீர்ந்ததும் தன் சொந்த அக்காவின் பிள்ளைக்கு எப்போதோ வாங்கிய பாட்டிலை எடுத்துத் தொடர்ந்திருக்கிறான். மாத முடிவில் போக வேண்டிய அப்பாயின்மெண்ட் ஷிஃப்டு மாறியதால் தவறிப்போயிற்று. கண் அழுத்தம் காற்றுக் கருவியில் 19. சிகிச்சைக்கு முன் 13 என்று தாளில் இருக்கிறது.

---

செந்தூல் மருந்தாளர் எழுதியது:

முதலில் அந்தப் பழைய பாட்டிலைக் குப்பையில் போடச் சொல்லுங்கள். திறந்து 4 வாரம் தாண்டிய கண்சொட்டு எதுவாக இருந்தாலும் வேண்டாம்; அதுவும் இன்னொருவர் கண்ணில் பட்ட நுனி. ஸ்டீராய்டு சொட்டு இங்கே 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் பி பிரிவு, டாக்டர் சீட்டு இல்லாமல் நாங்கள் கொடுக்க முடியாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமே இந்த மாதிரிக் கதைதான்.

13 இருந்த இடத்தில் 19 என்றால், சாதாரண எல்லையான 21க்குக் கீழே இருக்கிறதே என்று விட்டுவிடக்கூடாது. ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறும் கண்களில் அது வழக்கமாக 2 முதல் 6 வாரத்துக்குள் தெரியும். இவன் சரியாக அந்த இடைவெளியில் இருக்கிறான். ஃப்ளூரோமெத்தலோன் மற்ற ஸ்டீராய்டுகளைவிட இந்த விஷயத்தில் சாது, ஆனால் சாது என்றால் ஏற்றவே ஏற்றாது என்று பொருள் இல்லை. தானாகச் சட்டென நிறுத்தவும் வேண்டாம். இந்த வாரமே கண் டாக்டரிடம் போய், 4, 3, 2, 1 என்று எப்படிக் குறைப்பது என்று எழுதி வாங்கட்டும்.

போடும் விதத்திலும் தவறு நடக்கிறது. ஃப்ளூரோமெத்தலோன் தெளிந்த திரவம் இல்லை, மருந்துத் துகள் மிதக்கும் சொட்டு. குலுக்காமல் போட்டால் முதல் வாரம் வெறும் தண்ணீர், கடைசி வாரம் அடியில் தங்கின கட்டி மருந்து. பாட்டிலைத் தலைகீழாக்கிப் பார்த்து, அடியில் வெள்ளைப் படிவு விட்டுப் போகும் வரை குலுக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சொட்டு இருந்தால் இடையில் 5 நிமிடம். தெளிந்தது முதலில், குலுக்க வேண்டியது அடுத்தது, களிம்பு கடைசியில். போட்டதும் மூக்குப் பக்கத்துக் கண்மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. வாயில் கசப்புத் தெரிந்தால் அழுத்தவில்லை என்று அர்த்தம்.

செயற்கைக் கண்ணீர் கேட்டால் பதனப்பொருள் இல்லாத ஒற்றைக் குப்பியாகக் கொடுங்கள். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த பாட்டிலை நாளுக்கு ஆறு ஏழு முறை போட்டால் புதிதாக வளர்ந்த எபிதீலியத்துக்குத்தான் அடி. அலர்ஜி அரிப்பு இருந்தால் அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஓலோபடடீன் மாதிரி ஒரு சொட்டு, குளிர்ந்த துணி ஒத்தடம். கண்ணைக் கசக்கும் பழக்கம் நிற்காவிட்டால் கிராஸ்லிங்கிங் செய்த கார்னியாவும் மறுபடி கூம்பலாம். ஜெரெபு மாதங்களில் பக்கம் மூடிய கண்ணாடி போட்டுத்தான் மோட்டார் ஓட்ட வேண்டும். கவிழ்ந்து படுத்து கண் தலையணையில் அழுந்தினால் அதுவும் கசக்குவதற்குச் சமம். இதை யாரும் கேட்பதே இல்லை.

---

கருவிழி கேஎல் எழுதியது:

மருந்தாளர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கிராஸ்லிங்கிங் முடிந்த கார்னியா விறைப்பு கூடியது. அழுத்தம் அளக்கும் கருவி கார்னியாவை அமுக்கித்தான் அளக்கிறது, விறைத்ததை அமுக்கக் கூடுதல் விசை வேண்டும், அதனால் உள்ளே அழுத்தம் மாறாமலே எண் கொஞ்சம் ஏறிக் காட்டலாம். மறுபக்கம் மெலிந்த கார்னியா எண்ணைக் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்து 19 என்பது நிஜமா தோற்றமா என்று கடையில் இருந்து முடிவுகட்ட முடியாது. இடது கண்ணையும் அளந்து பாருங்கள். அது பழைய இடத்திலேயே இருந்தால் சொட்டோ விறைப்போ ஏதோ ஒன்று வலது கண்ணில் வேலை செய்கிறது. சொட்டைக் குறைத்த பிறகும் ஏறியே இருந்தால் பார்வை நரம்பைப் பார்க்க வேண்டும்.

436க்கும் 417க்கும் 19 மைக்ரான் வித்தியாசம். அக்கா சொன்னபடி வெளுப்பு செய்த வேலை. 448லிருந்து நிஜமாக எவ்வளவு குறைந்தது என்று கழிக்க முடியாது, 448 வேறு கருவி. சிகிச்சைக்கு முன்பே ஓசிடியும் எடுத்திருந்தால் இந்தத் தலைவலி இல்லை. முதல் ஸ்கேன் நாளிலேயே இரண்டையும் எடுத்து வைக்கும்படி இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்.

ஐந்து நாள் கழற்றியது போதாது. ஆக 54.1 என்பதே கொஞ்சம் தட்டையான எண்ணாக இருக்கலாம். 12வது மாதத்தில் ஒருவேளை 54.3 வந்தால் "ஏறிவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். இந்தக் குறிப்பை அவன் கோப்பில் இப்போதே எழுதி வையுங்கள். சிகிச்சை தவறியது என்று நான் சொல்ல வேண்டுமானால், லென்ஸ் ஒழுங்காகக் கழற்றி, ஓராண்டு இடைவெளியில் கே-மேக்ஸ் 1 டயாப்டருக்கு மேல் ஏறி, கூடவே பின்பரப்போ தடிமனோ அதே திசையில் போயிருக்க வேண்டும். ஓர் எண் மட்டும் நகர்ந்தால் மறுபடி எடுத்துப் பார்ப்பேன்.

வலது கண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கவலை இடது கண். 47.2, 489, 6/6. வயது 21. எல்லாரும் 6/6 என்ற எண்ணைப் பார்த்து அந்தக் கண்ணை மறந்துவிடுவார்கள். கெரட்டோகோனஸ் இரண்டு கண்ணிலும் வருகிற நோய், ஒன்று முந்தும் ஒன்று பிந்தும். 6 மாதத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். நகர்ந்தால் 400 மைக்ரான் எல்லைக்கு மேலே தடிமன் தாராளமாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். எபிதீலியம் நீக்கின பிறகு 400 இருந்தால்தான் யூவி ஒளி எண்டோதீலியத்தை (கார்னியாவின் உள்பக்கச் செல் அடுக்கு) தொடுவதற்குள் போதுமான அளவு மங்கும். அந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது. அதற்குக் கீழே போனால் நீர் ஏற்றி வீங்கவைக்கும் ரிபோஃப்ளேவின், மாற்று முறை என்று சுற்றி வளைக்க வேண்டியிருக்கும்.

---

பங்சார் லென்ஸ் அறை எழுதியது:

கேட்ட கேள்விகளில் லென்ஸ் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி: இப்போது வேண்டாம். இன்று கொடுக்கும் பவர் 3வது மாதத்தில் மாறும், 6வது மாதத்தில் இன்னொரு முறை மாறும். 400, 500 வெள்ளி கொடுத்து இரண்டு முறை வாங்க வைப்பது நியாயம் இல்லை. மைக்ராஸ்கோப் வேலைக்கு இடது கண் போதும். 3வது மாதம் வரை பழைய கண்ணாடியோடு ஓட்டட்டும். இரவில் மோட்டார் ஓட்டுவதைக் குறைக்க முடியுமா என்று பேசுங்கள். வெளிச்சம் சிதறுவது மங்கல் கரையும்போது குறையும், கண்ணாடி அதைச் சரிசெய்யாது.

ஆர்ஜிபி: பின்ஹோலில் 6/9 வருவதால் லென்ஸ் போட்டால் நன்றாகத் தெரியும் என்று எதிர்பார்க்கலாம். அவசரம் அங்கேதான் வரும். எபிதீலியம் முழுக்க ஆறி, ஒளிர்வு இல்லாமல், டாக்டர் எழுத்தில் சம்மதம் கொடுத்த பிறகு 4, 6 வாரத்திலிருந்து லென்ஸ் போடுவது உண்டு. இவனுக்கு இப்போது ஸ்டீராய்டு, அழுத்தம் என்று இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது. அது முடியட்டும்.

பழைய ஆர்ஜிபியை மட்டும் எடுத்து மாட்டிக்கொள்ளக்கூடாது. கூம்பு இப்போது பழைய உயரத்தில் இல்லை, லென்சின் நடு உச்சியில் உட்கார்ந்து தேய்க்கும். ஃப்ளூரசீன் வைத்து நீல ஒளியில், முன்னால் மஞ்சள் வடிகட்டி பிடித்துப் பாருங்கள். உச்சியில் பெரிய கறுப்பு வட்டமாகத் தெரிந்தால் லென்ஸ் அழுத்துகிறது. இறகு பட்டது மாதிரி ஒரு மெல்லிய தொடுகை மட்டும், மற்ற எடை பக்கங்களில், விளிம்பில் பச்சை வளையம் அரை மில்லிமீட்டர் சுமார். உச்சியில் அழுத்தி உட்காரும் லென்ஸ் தழும்பு போடும். அப்புறம் மங்கல் ஏன் போகவில்லை என்று டாக்டரைக் கேட்பார்கள்.

எனக்குக் கையில் இருந்தால் ஸ்க்ளீரல் லென்ஸ் போடுவேன். கார்னியாவைத் தொடாமல் வெள்ளை விழியில் உட்காரும். போட்டவுடன் நடுவில் 300 மைக்ரான் சுமார் இடைவெளி; சில மணி நேரத்தில் அதில் 100 மைக்ரான் வரை குறையும், அதையும் கணக்கில் வைத்துத்தான் தேர்வு. 6 மாதத்துக்குள் கூம்பு சற்றுத் தட்டையானாலும் இடைவெளிதான் கூடும், உரசாது. விலை கூடுதல் என்பது உண்மை.

எந்த லென்சாக இருந்தாலும் ஒன்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சிகிச்சையில் கார்னியாவின் மேல் நரம்பு வலை அழிந்துபோகிறது. தொடு உணர்ச்சி திரும்ப 6 மாதம் சுமார், முழுதாகத் திரும்ப அதற்கும் மேல். அதுவரை லென்சுக்கு அடியில் தூசி புகுந்தாலும் கீறல் விழுந்தாலும் வலிக்காது. "உறுத்தவில்லை, அதனால் கழற்றவில்லை" என்பதுதான் இந்தக் கண்ணில் ஆபத்து. மணியைப் பார்த்துக் கழற்ற வேண்டும், உறுத்தலைப் பார்த்து இல்லை. பைப்புத் தண்ணீரில் கழுவுவது, லென்சோடு குளிப்பது இரண்டும் கூடாது. முதல் மாதம் வாரம் ஒரு முறை வரவழைத்து ஃப்ளூரசீன் வைத்துப் பாருங்கள்.

---

ஜார்ஜ்டவுன் கண்ணாடிக்கடை எழுதியது:

இடது கண் அழுத்தம் 14. வியாழக்கிழமைக்கு டாக்டரிடம் இடம் வாங்கியாயிற்று. ஓசிடி தாளையும் லென்ஸ் ஐந்து நாள் கணக்கையும் கடிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி, லென்ஸ் எதுவும் இப்போது இல்லை. 3வது மாத ஸ்கேனுக்கு வேறு ஏதாவது முன்னேற்பாடு உண்டா அக்கா? அந்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்டு.

---

ஸ்கேன் அறை எழுதியது:

நைட் ஷிஃப்டு என்று சொன்னது நல்லதாகப் போயிற்று தம்பி. இமை மூடித் தூங்கும்போது ஆக்சிஜன் குறைந்து கார்னியா 3, 4 சதவீதம் வீங்கும். 440 மைக்ரானில் அது 13 முதல் 18 மைக்ரான். கண் திறந்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். பகல் ஷிஃப்டு ஆள் காலையில் எழுந்து, பசியாறி, பதினொரு மணிக்கு வந்தால் பிரச்சினை இல்லை. உங்கள் பையன் காலை எட்டுக்கு வேலை முடித்துத் தூங்கி, மதியம் இரண்டுக்கு எழுந்து இரண்டரைக்கு வந்து உட்கார்ந்தால் தடிமன் கூடினதுபோலக் காட்டும், எல்லாரும் சந்தோஷப்படுவோம், 6வது மாதம் பகல் ஷிஃப்டில் எடுத்தால் குறைந்ததுபோலக் காட்டும். நேராக வேலை முடித்துத் தூங்காமலும் வர வேண்டாம்; கண் உலர்ந்து, பார்வையை நிறுத்த முடியாமல் ஆடும், பத்து முறை எடுத்தாலும் தரம் சரி என்று வராது. எழுந்து மூன்று மணி நேரம் கழித்து வரச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தான், எத்தனை மணிக்கு எடுத்தது, கடைசியாக எந்தச் சொட்டு எப்போது விட்டான், மூன்றையும் ஸ்கேன் தாளின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். இடது கண்ணையும் அன்றே எடுக்க மறக்காதீர்கள்.